குடிபெயர்ந்தோரும் குடியுரிமையும்

கேரள மாநிலத்தின் இடுக்கி, பாலக்காடு ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்தவை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு, வாளையாறு ஆகிய சோதனைச் சாவடிகளின் வழியே நாள்தோறும் ஏராளமான மக்கள் இரு மாநிலங்களுக்கிடையே சென்று வருகின்றனர். தேனி மாவட்டத்துக் கூலித் தொழிலாளர் விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகின்றனர். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறைகளாக வாழும் தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழர். இவர்கள் கடப்பது மாநில எல்லையே அன்றி நாட்டு எல்லையன்று. நமது அரசியலமைப்பு நாடு முழுமைக்கும் ஒரே குடியுரிமையை அளித்துள்ளது. இந்தியாவின் எப்பகுதிக்கும் செல்லவும், எப்பகுதியிலும் வாழவும் குடிமக்களுக்கு உள்ள உரிமையை அதன் 19-ம் பிரிவு உறுதி செய்கிறது.

ஆயினும் இம்மலைப் பகுதிகளிலும், அவற்றை அடுத்த ஆனைமலை, நீலகிரிப் பகுதிகளிலும் 'சிலோன்காரர்' என்று அழைக்கப்படும் குடும்பங்கள் உள்ளன. பேச்சிலும் பழக்கவழக்கங்களிலும் செய்யும் தொழிலிலும் இவர்கள் மற்றத் தோட்டத் தொழிலாளரினின்று வேறுபட்டவரல்லர். ஆனால் இவர்களுள் ஒருவர் சான்றிதழ் கேட்டு அரசு அலுவலகத்தின் படியேறும்போது, 'நீர் எந்த நாட்டவர்?' என்ற வினா எழுகிறது. இந்த வினா எவ்வாறு தோன்றியது, சட்டம் இதற்கு என்ன விடை கூறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இரண்டு பாதைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் தமிழ் மாவட்டங்களின் வறட்சியும் வறுமையும் உழவுத் தொழிலாளரை ஊரை விட்டு வெளியேறச் செய்தன. கங்காணிகள் அவர்களைத் திரட்டித் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்றனர். ஒரு பாதை மேற்கே மலையேறிற்று. 1877-ம் ஆண்டில் பூஞ்ஞார் அரச குடும்பத்தாரிடமிருந்து மன்றோ என்ற ஆங்கிலேயர் பெற்ற கண்ணன் தேவன் மலைகளில் பின்னர்த் தேயிலைத் தோட்டங்கள் வளர்ந்தன. போடிநாயக்கனூர் வழியே சென்ற தொழிலாளர் அங்குக் குடியேறினர். மற்றொரு பாதை கிழக்கே கடலைக் கடந்தது. இலங்கையின் கண்டிச் சீமையில் முதலில் காப்பித் தோட்டங்களும், காப்பிச் செடியை நோய் அழித்த பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் அவர்களை ஈர்த்தன. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்கிச் சோதனைக்குட்பட்ட பின்னரே அவர்கள் கப்பலேற அனுமதிக்கப்பட்டனர்.

ஒரே ஊரைச் சேர்ந்த உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் மூணாற்றுக்கும் மற்றவர் நுவரெலியாவுக்கும் சென்றதாகக் கொள்வோம். இருவரும் அந்நாளில் பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழேயே இருந்தனர். இருவரும் கொழுந்தே பறித்தனர். மூணாறு சென்றவர் 1950-ல் இந்தியக் குடியரசின் குடிமகனானார். 1956-ம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துடன் இணைந்தன. அவ்விணைப்பு குறித்துக் கருத்து வேறுபாடுகள் இருந்தபோதிலும், அவருடைய குடியுரிமைக்கு எவ்வித ஊறும் நேரவில்லை. நுவரெலியா சென்றவரின் நிலையோ முற்றிலும் வேறாயிற்று.

நாடற்றவரான வரலாறு

இலங்கை விடுதலை பெற்ற 1948-ம் ஆண்டிலேயே அந்நாட்டின் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தந்தையோ, பாட்டனாரும் பூட்டனாருமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். பிறப்புப் பதிவு பரவலாக இல்லாத காலத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தோர் இச்சான்றினைக் காட்ட இயலவில்லை. 1949-ல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்களிலும் சிறு பகுதியினரே குடியுரிமை பெற்றனர். வாக்குரிமையும் பறிபோயிற்று. இந்தியாவோ, இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தோர் தாமாகவே இந்தியக் குடிமக்களாகிவிட மாட்டார்கள் என்று கருதிற்று. இவ்வாறு ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் எந்நாட்டையும் சாராதவராயினர்.

1964-ம் ஆண்டு அக்டோபர் 30-ம் நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் இச்சிக்கலுக்குத் தீர்வு காண முயன்றது. நாடற்றோர் தொகை 9,75,000 என்று மதிப்பிடப்பட்டது. இவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974-ம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிரப்பட்டனர். ஆகவே இந்தியாவின் பொறுப்பு 6,00,000 பேர்; இலங்கையின் பொறுப்பு 3,75,000 பேர்.

ஆனால் இந்தியக் குடியுரிமை கோரி விண்ணப்பித்தோர் சுமார் 5,06,000 பேரே. எஞ்சிய 94,000 பேருக்குத் தன் குடியுரிமையை வழங்க இலங்கை 1986-ல் இசைந்தது. இதற்கிடையே 1984-ல் இராமேசுவரம்-தலைமன்னார் கப்பல் போக்குவரத்து நின்றுபோயிற்று. இந்தியக் குடியுரிமை பெற்றும் புறப்பட இயலாமல் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். இத்தகையோருக்கும் குடியுரிமை வழங்க வகை செய்யும் சட்டத்தை இலங்கை 2003-ல் நிறைவேற்றியது.

மலைகளில் மறுவாழ்வு

ஒப்பந்தத்தின்கீழ் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்து சேர்ந்தனர். ஒரு காலத்தில் தொழிலாளரை வழியனுப்பிய மண்டபம் முகாமே இப்போது அவர்தம் பேரக் குழந்தைகளை வரவேற்கும் இடமாயிற்று. அங்குக் குடும்ப அட்டை வழங்கப்பட்டு, வேலைக்கோ, தொழில் தொடங்கக் கடனுதவிக்கோ ஏற்பாடு செய்யப்பட்டது. இதற்கெனவே 1969-ல் ரெப்கோ வங்கி நிறுவப்பட்டது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமும், கேரளத்தில் 1976-ல் புனலூரில் தொடங்கப்பட்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனமும் வேலை அளித்தன. புனலூர் நிறுவனம் மத்திய அரசும் கேரள அரசும் கூட்டாக நடத்தும் ரப்பர்த் தோட்டமாகும். கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத் தோட்டங்கள் உள்ள கவி என்னும் மலையூரிலும் பல குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. கவி பத்தனம்திட்டா மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாறே அதன் அண்மைத் தோட்டப் பட்டினம்.

இக்குடும்பங்களைப் பொறுத்தவரை ஒன்றை ஐயத்திற்கு இடமின்றிக் கூற வேண்டும். இவர்கள் அகதிகளல்லர், சட்டவிரோதமாகக் குடியேறியவர்களுமல்லர். இலங்கையிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகங்களில் முறைப்படி பதிவு செய்யப்பெற்று, இந்தியக் கடவுச்சீட்டுடன் வந்த இந்தியக் குடிமக்கள்.

எனினும் குடியுரிமை ஒன்றே எல்லா உரிமைகளுக்கும் திறவுகோலாகிவிடுவதில்லை. பட்டியல் சாதிகளின் விவரம் மாநிலந்தோறும் தனித்தனியாக, 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் குறிக்கப்பட்டுள்ளது. ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் மற்றொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால் அத்தகுதி அங்குத் தொடர்வதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1990-லும், அரசியலமைப்பு ஆயத்தின் வாயிலாக 2018-லும் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே, முன்னோர் 1950-க்கு முன்பே கேரளத்தில் வாழ்ந்தனரா என்பது அங்குச் சாதிச் சான்றிதழுக்கு முக்கிய வினாவாகிறது. அந்த ஆண்டில் இலங்கைத் தோட்டத்தில் இருந்தவரின் பேரன் இதற்கு என்ன விடை கூற இயலும்? இந்தியக் குடிமகன் என்பதில் ஐயமில்லாத மாணவர் ஒருவர், கல்விச் சலுகைக்கு உரியவரா என்பதில் மட்டும் தடுமாற நேரிடுகிறது.

படகில் வந்தோர்

1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனக் கலவரங்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி முதலிய வட பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தன. 1983-ம் ஆண்டு ஜூலைக் கலவரமும் அதைத் தொடர்ந்த போரும் அவர்களை அங்கிருந்தும் விரட்டின. வட இலங்கைத் தமிழரோடு அவர்களும் படகேறி இராமேசுவரம் கரையில் வந்திறங்கினர். உயிர் தப்பி வந்தோரிடம் கடவுச்சீட்டு ஏது?

இவ்வாறாக, ஒரே தோட்டத்தின் ஒரே வரிசையில் வாழ்ந்த இரு குடும்பங்களுள் 1980-ல் கப்பலில் வந்தது குடிமக்கள் குடும்பமாகவும், 1984-ல் படகில் வந்தது அயல்நாட்டினர் குடும்பமாகவும் கருதப்பட்டன. தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இன்றும் வாழும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருள் இத்தகைய இந்திய வம்சாவளியினர் கணிசமானோர். அரசு இவர்களுக்கு உதவித் தொகையும் உறைவிடமும் கல்வியும் அளித்து வந்துள்ளது. 2021-ல் முகாம்களின் பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. ஆனால் பெயர் மாற்றத்தால் சட்ட நிலை மாறிவிடுவதில்லை.

சட்டம் காட்டும் வழிகள்

1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பிறப்பு, வம்சாவளி, பதிவு, நீண்டகால வசிப்பு ஆகியவற்றின் வாயிலாகக் குடியுரிமை பெற வழி வகுத்துள்ளது. இவற்றுள் பிறப்பு வழியே மிக எளியது. 1950-ம் ஆண்டு ஜனவரி 26 முதல் 1987-ம் ஆண்டு ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தோர், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் எந்நாட்டவராயினும் இந்தியக் குடிமக்களே. எனவே அக்காலத்தில் முகாமில் பிறந்த குழந்தையும் குடிமகவே. 1987 ஜூலை முதல் நாள் தொடங்கிப் பிறந்தோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3-ம் நாள் முதல், ஒருவர் குடிமகனாக இருப்பதோடு மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலும் கூடாது.

பதிவு வழியில், ஏழாண்டுகள் இந்தியாவில் வசித்த இந்திய வம்சாவளியினர் மாவட்ட ஆட்சியர் வாயிலாக விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பதாரரோ அவருடைய பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவிலோ, 1947-க்குப் பின் இந்தியாவுடன் இணைந்த பகுதியிலோ பிறந்திருக்க வேண்டும். பூட்டனார் காலத்திலேயே கடல் கடந்த குடும்பத்தினர் இவ்வரையறைக்குள் வருவதில்லை. நீண்டகால வசிப்பு வழியில் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருத்தல் வேண்டும். இவ்விரு வழிகளும் சட்டவிரோதக் குடியேறிகளுக்கு அடைக்கப்பட்டுள்ளன. செல்லத்தக்க ஆவணமின்றி நாட்டினுள் நுழைந்தவரும், அனுமதிக் காலம் கடந்து தங்கியவரும் சட்டவிரோதக் குடியேறி என்பது 2003-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சேர்த்த வரையறை. முகாமில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தாலும் அவ்வாண்டுகள் கணக்கில் ஏறாமற்போவது இதனால்தான்.

2019-ம் ஆண்டுத் திருத்தம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த குறிப்பிட்ட சமயத்தினருக்கு இவ்வரையறையினின்று விலக்களித்தது. இலங்கை அதில் இடம்பெறவில்லை. அவ்வாண்டு ஜூன் 17-ம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர் சிலர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அனுமதித்து, அவற்றைப் பரிசீலிக்குமாறு ஆணையிட்டது.

1946-ம் ஆண்டு அயல்நாட்டினர் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2025 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் அயல்நாட்டினர் சட்டத்தையொட்டி ஒரு விலக்கு ஆணையும் வெளியாயிற்று. 2015 ஜனவரி 9-ம் நாள் வரை இந்தியாவில் புகலடைந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்காகத் தண்டிக்கப்படுவதிலிருந்து இது விலக்களிக்கிறது. இது வரவேற்கத்தக்க நிவாரணம். ஆனால் தண்டனையினின்று விலக்குப் பெறுவது வேறு, குடியுரிமை பெறுவது வேறு என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். தாயகம் எனக் கருதி இலங்கைக்கே திரும்ப விரும்புவோருக்கு அந்நாட்டின் சட்டங்கள் இடமளித்துள்ளன. அதுவும் அவர்தம் சொந்த விருப்பத்தின்பாற்பட்டதாகவே இருத்தல் வேண்டும்.

அலுவலர் கருத்திற் கொள்ள வேண்டியவை

எல்லைப் பகுதியில் பணியாற்றும் அலுவலர், தம்முன் நிற்பவர் எவ்வகையினர் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்திற்கு வந்த தொழிலாளி பிறப்பால் குடிமகன்; அவரிடம் குடியுரிமை குறித்து ஐயுறுவதற்கே இடமில்லை. தாயகம் திரும்பியவர் பதிவால் குடிமகன்; அவருடைய பழைய இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் அதற்குச் சான்று. முகாமைச் சேர்ந்தவராயின், அவர் பிறந்த நாளும் இடமும், பெற்றோரின் பிறப்பிடமும், முன்பு ஒப்பந்தத்தின்கீழ் விண்ணப்பித்திருந்தால் அதன் விவரமும் ஆராயப்பட வேண்டும். 'சிலோன்' என்ற ஒரு சொல்லைக் கேட்ட அளவிலேயே மூவரையும் ஒரே வகையில் சேர்ப்பது நீதியாகாது.

தாயகம் திரும்பியோரின் ஆவணங்கள் அரை நூற்றாண்டுப் பழமையடைந்து, கிழிந்தும் கறையான் அரித்தும் போகின்றன. மூத்த தலைமுறையினர் மறைந்து வருகின்றனர். தோட்டங்களிலேயே சிறப்பு முகாம்கள் நடத்தி இவ்வாவணங்களைப் பதிவு செய்து, சான்றிட்ட படிகளை வாரிசுகளுக்கு வழங்குவது பெரும் செலவு பிடிக்கும் பணியன்று. முகாம்களில் பிறந்தோருக்குப் பிறப்புச் சான்றிதழ் தவறாது கிடைக்கச் செய்வதும் அத்தகையதே. 1948-ல் ஒரு தலைமுறை நாடற்றுப் போனதற்குப் பிறப்புச் சான்று இல்லாமை ஒரு முக்கிய காரணம் என்பதை மறத்தலாகாது.

எவரைக் குடிமகனாக ஏற்பது என்று முடிவு செய்வது ஒவ்வொரு நாட்டின் உரிமை. எல்லையைக் காப்பதும் அரசின் கடமையே. ஆயினும், இரு அரசுகள் பேசிப் பகிர்ந்துகொண்ட மக்களுள் ஒரு பகுதியினர் போரினால் கப்பலைத் தவறவிட்டுப் படகேறினர் என்பதை அக்கடமை மறக்கச் செய்யலாகாது. 1964-ல் ஏற்ற பொறுப்பில் இன்னும் முடிவு பெறாத பகுதி இவர்களே. இவர்களுடைய விண்ணப்பங்களைத் தனித்தனியே ஆராய்ந்து விரைவில் முடிவு காண்பது அப்பொறுப்பை நிறைவேற்றுவதாகவே அமையும்.