ஐந்து அங்குலத்தில் ஒரு போர் விமானம்



போன வாரம் உங்களில் ஒரு சுட்டி என்னிடம் கேட்டாள்: "மாமா, காக்கா உட்கார்ந்ததும் சிறகை மடக்கிக்கொள்கிறதே, விமானமும் அப்படி மடக்குமா?"

கேள்வி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்! காக்கையையும் விமானத்தையும் ஒரே நேரத்தில் நினைக்கிற மூளைக்கு ஒரு மாம்பழம் பரிசு. பதிலை நான் வாயால் சொல்லவில்லை. பரணில் இருந்து ஒரு பழைய அட்டைப்பெட்டியை இறக்கினேன். அரை நூற்றாண்டுக்கு முந்தைய பெட்டி. மூலையெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் காய்ந்து உதிர்ந்திருந்தது. மூடியில் கடலுக்கு மேலே ஒரு நீல விமானம். பெயர் ஹெல்கேட்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய சண்டை விமானம் அது. 1942 ஜூன் மாதம் முதன்முதலாகப் பறந்தது. செய்தவர்கள் நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் இருந்த கிரம்மன் நிறுவனத்தார். அவர்களுக்குப் பூனை என்றால் உயிர் போல. வைல்ட்கேட், ஹெல்கேட், பேர்கேட், டைகர்கேட், டாம்கேட் என்று சண்டை விமானங்கள் பலவற்றுக்குப் பூனைப் பெயராகவே வைத்தார்கள்.

பெட்டிக்குள் இருந்தது அதன் பிளாஸ்டிக் மாதிரி. துண்டு துண்டாக இருக்கும், நாம்தான் ஒட்டிச் சேர்க்க வேண்டும். உங்கள் அத்தை எட்டிப் பார்த்தார். "தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வைக்க இடம் ஐந்து அங்குலம்தான்" என்றார். சொன்னதோடு விடவில்லை. அலமாரியில் உலக உருண்டைக்கும் அகராதிக்கும் நடுவே அடிக்கோல் வைத்து அளந்தே காட்டிவிட்டார்.

இந்த ஐந்து அங்குலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

என் மாதிரி நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. அப்படியென்றால், நிஜத்தில் ஓர் அடி இருப்பது இதில் கால் அங்குலம். உங்கள் பள்ளிக்கூட மணி ஓரடி அகலம் என்றால், இந்த அளவில் அது ஒரு கொண்டைக்கடலை. புரிகிறதா? சரி, ஹெல்கேட்டின் சிறகு, ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 42 அடி 10 அங்குலம். 48ஆல் வகுத்துப் பாருங்கள். பத்தே முக்கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக வரும்.

அத்தை கொடுத்த இடமோ ஐந்து. மாட்டிக்கொண்டேன், பார்த்தீர்களா?

அது இருக்கட்டும். இப்போது உங்களுக்கு ஒரு புதிர். நிஜ ஹெல்கேட் வெறும் எடையில் ஏறக்குறைய 4,200 கிலோ. அதே உலோகத்தில், அதே மாதிரி, நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் செய்தால் எடை எவ்வளவு? 4,200ஐ 48ஆல் வகுத்து 87 கிலோ என்று கை தூக்கினீர்களா? பொறுங்கள்! கையில் அடங்குகிற பொருள் உங்கள் அப்பாவின் எடை இருக்குமா?

ஒரு மாம்பழத்தை நினையுங்கள். அதைப்போல இரு மடங்கு நீளம், இரு மடங்கு அகலம், இரு மடங்கு உயரமுள்ள இன்னொரு மாம்பழம். அதில் சதை இரு மடங்கா? இல்லை, எட்டு மடங்கு. மூன்று பக்கமும் சேர்ந்து அல்லவா வளர்கிறது! அதனால் இங்கேயும் 48ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும். 1,10,592 வரும். 4,200 கிலோவை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது சுமார் 38 கிராம். ஒரு கோழிமுட்டையை விடக் குறைவு.

ஆனால் ஒட்டி முடித்த மாதிரியைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 38 கிராமைவிடக் கூடுதலாகவே காட்டியது. ஏன்? பிளாஸ்டிக் சுவரின் கனத்தில்தான் ரகசியம். அது ஒரு மில்லிமீட்டர் கனம் என்றாலும், நிஜ அளவுக்குப் பெருக்கினால் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் வருகிறது. நிஜ விமானத்தின் அலுமினியத் தோலோ பல இடங்களில் உங்கள் டிபன் டப்பாத் தகட்டின் கனம்தான்.

இதே கணக்கில் இன்னொரு வேடிக்கை. பழைய மாதிரிகளின் மேலெல்லாம், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளைக் காட்டும் குட்டிக் குட்டிப் புள்ளிகள் புடைத்துக்கொண்டு நிற்கும். தடவிப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் புடைப்பை 48ஆல் பெருக்குங்கள். 16 மில்லிமீட்டர். கோலிக்குண்டு! கோலிக்குண்டு ஒட்டிய விமானம் எங்காவது உண்டா? அதனால் பலர் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிடுவார்கள். நான் தேய்க்கவில்லை. ஏதோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவர் இரும்பு அச்சில் ஒவ்வொரு புள்ளியாகக் குழித்திருக்கிறார். எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது.

இனி, ஒட்டுவது எப்படி என்று பார்ப்போமா? துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் சட்டகத்தில் காய்த்துத் தொங்குவதுபோல இருக்கும். முறுக்கிப் பிடுங்கக் கூடாது. நகவெட்டியால் நறுக்கி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் அதில் இருக்கலாம். பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

இந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிஸ்டைரீன். உங்களுக்கு அதை நன்றாகவே தெரியும். டிவி பெட்டிக்குள் வெள்ளையாக வருமே தெர்மாகோல், அதுவும் இதே பொருள்தான். அதை நுரைபோல உப்ப வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

இதை ஒட்டும் பசை உங்கள் நோட்டு அட்டை ஒட்டுகிற கோந்து போன்றது அல்ல. கோந்து நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். இதுவோ பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைக்கும்! பாலிஸ்டைரீனின் மூலக்கூறுகள் நீள நீளமான சங்கிலிகள். இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சூடான இடியாப்பங்களை நெருக்கி அமுக்கினால் என்ன ஆகும்? இதன் இழை அதற்குள், அதன் இழை இதற்குள். அப்புறம் எது எதுவென்று பிரிக்க முடியுமா? பசை இழைகளைத் தளர்த்துகிறது. அவை ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன. பசை ஆவியாகிப் பறந்ததும் இறுகிவிடுகின்றன. கடைசியில் பசையே மிஞ்சாது. இரண்டு துண்டு ஒரே துண்டாகியிருக்கும்.

மூலக்கூறுகள் இப்படிச் சங்கிலியாக நீளும் என்று ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர் சொன்னபோது பெரிய பெரிய வேதியியலாளர்களே நம்பவில்லை. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடியாப்பம் பிழிகிற ஊரில் பிறந்திருந்தால் சீக்கிரம் நம்பியிருப்பார்களோ என்னவோ!

ஒன்று மட்டும். பறந்து போகிற அந்த ஆவி மூக்குக்கு நல்லதல்ல. சன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஒட்ட வேண்டும். சரியா?

பெயிண்டுக்கு வருவோம். மீன் கடையில் மத்தி மீனைப் பார்த்திருக்கிறீர்களா? முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து கொத்த வரும் பறவைக்கு முதுகு கடலோடு கடலாகத் தெரியும். கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு வயிறு வெளிச்சத்தோடு கலந்துவிடும். 1943இல் ஹெல்கேட்டுக்கு அடித்த நிறமும் இதேதான். மேலே கடல் நீலம், பக்கத்தில் நடுத்தர நீலம், அடியில் வெள்ளை.

அடையாளச் சின்னத்திலும் ஒரு கதை உண்டு. அமெரிக்க விமானங்களில் நீல வட்டத்துக்குள் ஒரு வெள்ளை நட்சத்திரம், அதன் நடுவில் சிவப்புப் பொட்டு இருந்தது. எதிரியான ஜப்பானின் சின்னம் என்ன? சிவப்பு வட்டம். சண்டை நடக்கும்போது கண்ணில் படுவது சிவப்பு மட்டும்தான். சொந்த ஆளையே சுட்டுவிட்டால்? 1942 மே மாதம் பொட்டை அழித்தார்கள். 1943இல் சின்னத்தைச் சுற்றிச் சிவப்புக் கரை போட்டுப் பார்த்தார்கள். மறுபடி அதே பயம். சில மாதத்துக்குள் அதையும் நீலமாக்கிவிட்டார்கள்.

என் பெட்டியில் இருந்த அந்த நட்சத்திரங்கள், தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டுகிற படங்கள், பழுப்பேறி மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தன. என்ன செய்தேன் தெரியுமா? சன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வைத்தேன். பழுப்பு பெருமளவு வெளுத்துவிட்டது! வெள்ளை வேட்டியை வெயிலில் காயப்போடுகிற பாட்டியின் வித்தைதான். பழுப்பு நிறம் தருகிற மூலக்கூறுகளை வெயில் உடைத்துவிடுகிறது.

விமானத்தை அடையாளம் காண்பது அந்தப் போரில் அவ்வளவு பெரிய பாடமாக இருந்தது. 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் கேட்டது: ஐந்து லட்சம் மாதிரி விமானங்களை மரத்தில் செதுக்கித் தாருங்கள்! அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஏன் மாதிரி? பட்டம் மேலே போகப் போகச் சின்னதாகத் தெரிகிறது அல்லவா? அதே கணக்குதான். அந்த மாதிரியை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், நிஜ விமானத்தை 2,520 அடி தூரத்தில் பார்ப்பதுபோல இருக்கும். வகுப்பறைக்குள்ளேயே அரை மைல் வானம்! அவற்றைச் செதுக்கியவர்கள் உங்கள் அண்ணன், அக்கா வயதுக்காரர்கள்.

இப்போது காக்கைக்கு வருவோம்.

விமானம் தாங்கிக் கப்பலில் இடம் என்பது தங்கம். ஹெல்கேட் போன்றவை பறந்த எசெக்ஸ் வகைக் கப்பல் ஒன்றில் ஏறக்குறைய 90 விமானங்கள். 42 அடிச் சிறகை விரித்தபடி அத்தனையையும் எங்கே நிறுத்துவது? அத்தையின் அலமாரிப் பிரச்சினைதான் கடற்படைக்கும்.

சிறகைப் பாதியில் மடித்து மேலே தூக்கி நிறுத்தலாம். கோர்சேர் என்ற விமானத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் கப்பலுக்குள் நிறுத்தும்போது மேலே கூரை இடிக்குமே! பிரிட்டிஷ் கப்பல்களில் கூரை தாழ்வு. கோர்சேரின் ஒவ்வொரு சிறகு நுனியிலும் 8 அங்குலத்தை வெட்டியே எடுத்துவிட்டார்கள். சட்டை போதவில்லை என்று கையைக் குறைத்த கதை. 1944இல் அப்படி நுனி வெட்டிய கோர்சேர்களும், பின்னர் ஹெல்கேட்களும் கப்பலேறித் திருகோணமலைக்கு வந்தன. அந்த ஊரில் நம்மவர் பலர் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

கிரம்மன் நிறுவனத்தைத் தொடங்கிய லெராய் கிரம்மனுக்குக் காக்கையின் வழிதான் வேண்டியிருந்தது. சிறகு உடம்போடு ஒட்டிப் பின்னால் போக வேண்டும். ஆனால் அப்படியே பின்னால் தள்ளினால் அகலமான சிறகு வால் மேல் இடிக்கும். முதலில் தட்டை நிமிர்த்துவதுபோல அதைச் செங்குத்தாகத் திருப்ப வேண்டும், பிறகு பின்னால் தள்ள வேண்டும். இரண்டு வேலைக்கு இரண்டு கீல் போட்டால் எடை கூடும். ஒரே கீலில் இரண்டும் நடக்குமா?

அவர் கையில் எடுத்தது என்ன தெரியுமா? உங்கள் பென்சில் டப்பாவில் இருக்கிற ரப்பர் அழிப்பான் ஒன்று, ஜெம் கிளிப் இரண்டு! ரப்பர்தான் உடம்பு. நிமிர்த்திய கிளிப்புகள் சிறகுகள். குத்துகிற சாய்வை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு குறிப்பிட்ட சாய்வில் குத்தித் திருகினபோது, பக்கவாட்டில் நீட்டியிருந்த கிளிப் சுழன்று ரப்பரின் விலாவோடு அழகாகப் படுத்துக்கொண்டது.

மந்திரம் போல இருக்கிறதா? ஒரு லூடோ பகடையை எடுங்கள். எதிரெதிர் மூலை இரண்டை இரு விரலால் பிடியுங்கள். ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் திருப்புங்கள். மேலே இருந்த முகம் பக்கத்துக்கு வந்துவிட்டதா? பக்கத்தில் இருந்தது பின்னால் போய்விட்டதா? ஒரே திருப்பு, இரண்டு வேலை! நேராக இல்லாமல் சாய்ந்து நிற்கும் அச்சின் வித்தை அது. வரவில்லையா? எதிர்ப் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள், வரும்.

முதலில் வைல்ட்கேட்டிலும், பிறகு ஹெல்கேட்டிலும் இந்தக் கீல் ஏறியது. மடக்க மோட்டார்கூட வேண்டாம், கப்பல் ஆட்களே கையால் தள்ளி மடக்கினார்கள். 42 அடி 10 அங்குலம், 16 அடி 2 அங்குலமாகச் சுருங்கியது. இன்றைக்கும் அமெரிக்கக் கப்பல்களில் இருக்கும் ஹாக்ஐ விமானம் இதே விதமாகத்தான் சிறகை மடக்குகிறது.

என் மாதிரியில் சிறகை விரித்தும் ஒட்டலாம், மடித்தும் ஒட்டலாம். நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லவா வேண்டும்? மூக்கில் 18 சிலிண்டர் இஞ்சினைப் பொருத்தினேன். சிறகுக்கு மூன்றாக ஆறு துப்பாக்கிக் குழாய்களையும் ஒட்டினேன். அவற்றை ஒட்டும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. விளையாட்டுக்காகப் பிறந்த விமானம் இல்லையே இது.

பெயிண்ட் காய்ந்ததும் அடிக்கோலை வைத்தேன். 16 அடி 2 அங்குலத்தை 48ஆல் வகுத்தால் என்ன? நீங்களே போட்டுவிட்டீர்களா! ஆமாம், நாலு அங்குலத்துக்கு ஒரு துளி கூடுதல். உலக உருண்டைக்கும் அகராதிக்கும் நடுவே, மழைக்கு ஒதுங்கிய காக்கைபோல, ஹெல்கேட் சிறகை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"இன்னும் ஓர் அங்குலம் மிச்சம் இருக்கிறதே!" என்று அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். அத்தை அந்த இடத்தில் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைச் செருகிவிட்டுப் போய்விட்டார்.