ரிட்டிகல மலையின் தவப்பள்ளி

மலைச்சாரலிலே பலர் கூடியிருந்து தியானிப்பதற்கோ ஓய்வு கொள்வதற்கோ ஓர் உறைவிடம் அமைக்க விழைவோர், முதற்கண் செய்வது நிலத்தை மட்டமாக்குதலே. சரிவு வெட்டப்படும், பாறை உடைக்கப்படும், நீரோடை குழாயினுள் அடைக்கப்படும். நிழல் தந்த மரங்கள் வீழ்த்தப்பட்ட பின்னர், அந்நிழலுக்கு ஈடாகக் குளிரூட்டும் பொறிகள் வந்து சேரும். அடுத்த மாரியிலே வெட்டிய கரை சரிந்து விழுமாயின், பழி மழையின்மேற் சுமத்தப்படும். இயற்கைக்கு ஊறு செய்யாத கட்டடக்கலை என இன்று பெரிதும் பேசப்படுவது இவ்வழக்கத்துக்கு எழுந்த மறுப்பேயாகும். அம்மறுப்பு புதிதன்று. அது கல்லிலே செய்து காட்டப்பட்ட இடமொன்றை இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், ரிட்டிகல மலையின் கீழைச் சாரலில், இன்றுங் காணலாம்.

உலர்வலயத்துச் சமவெளியிலே 766 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்பது இம்மலை. சூழவுள்ள நிலம் வரண்டு வெடிக்குங் காலத்திலும் இதன் உச்சியில் முகில் தங்கும். ஈரவலயத்துக்குரிய செடிகொடிகள் சில அங்கே செழிக்கும். இதன் குகைகளிலே துறவிகள் மிகப் பழங்காலந் தொட்டே வாழ்ந்தனர் என்பதற்குப் பிராமிச் சாசனங்கள் சான்றாகின்றன. அக்குகைகளை அவர்கள் திருத்திய முறை கவனிக்கற்பாலது. குகை வாயிலின் மேலே, பாறையின் நெற்றியில், ஒரு விளிம்பை வெட்டினர், வேறொன்றுஞ் செய்திலர். பாறை முகத்தில் வழிந்து வரும் மழைநீர் அவ்விளிம்பை அடைந்ததும் உள்ளே ஊராது வெளியே சொட்டிவிடும். உளியாற் செதுக்கிய ஒரு கோட்டினால் ஈரப் பாறை இடுக்கு வாழத்தகும் இல்லமாயிற்று.

9ஆம் நூற்றாண்டில் முதலாஞ் சேன மன்னன் இம்மலையிலே பாம்சுகூலிகப் பிக்குகளுக்குப் பள்ளியொன்று அமைத்தான் எனச் சூளவம்சங் கூறும். குப்பையிலும் மயானத்திலும் எறியப்பட்ட கந்தையைத் தைத்து உடுத்தல் என்னும் விரதம் பூண்டவர் இப்பிக்குகள். அரசன் பொருள் வழங்கினும் அவர்தம் பள்ளியில் தாதுகோபுரம் இல்லை. புத்தர் சிலை வைத்த மனை இல்லை. போதிமரத்துக்கு எடுத்த மாடமும் இல்லை. அங்குள்ளவை நடப்பதற்கு ஒரு பாதை, இருப்பதற்கு மேடைகள், நீராடுவதற்கு ஒரு கூடம், அடிவாரத்தில் ஒரு குளம்.

பாதையை முதலில் நோக்குவோம். ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் அகலமுள்ள அக்கற்பாதை, மலையை வெட்டிக்கொண்டு நேரே ஏறுவதன்று. சரிவு எப்படிப் போகின்றதோ அப்படியே போய், செங்குத்தான இடங்களில் மட்டும் படியாகின்றது. இடையிடையே பாதை வட்டமாக விரிந்து நடப்போர் நின்று இளைப்பாற இடந் தருகின்றது. வேரோடும் நீரோடும் பகை கொள்ளாமையினாற் போலும், பல நூற்றாண்டுகள் காடு மூடிக்கிடந்த பின்னரும் பாதையின் பெரும்பகுதி குலையாதிருக்கின்றது.

மேடைகள் இரண்டிரண்டாக அமைந்தவை. கருங்கற் சுவர்களால் தாங்கப்பெற்று நிலத்தினின்றும் உயர்ந்து நிற்கும் ஒவ்வோர் இணையையும் ஒரு கற்பாலம் தொடுக்கின்றது. ஒரு மேடை கூரை வேயப்பட்டிருந்தது என்றும், மற்றது வானந் திறந்திருந்தது என்றும் ஆராய்ச்சியாளர் கருதுவர். சரிவைச் சமனாக்க மலையைக் குடையாது, வேண்டிய அளவு நிலத்தை மட்டும் கல்லடுக்கி உயர்த்தினமையே இங்குள்ள நுட்பம். மழை பெய்யும்போது மேலிருந்து வரும் வெள்ளம் மேடையை மோதாது அதன் பக்கத்தால் ஓடிவிடும்.

அநுராதபுரத்தின் மேற்குப் புறத்திலும் இவ்வகைப் பள்ளிகள் உள. அங்கே சமநிலம் ஆதலால், மேடையைச் சுற்றிப் பாறையிலே அகழி வெட்டினர். அகழிநீர் ஆவியாகும்போது சூழவுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அவ்வழி வருங் காற்று குளிர்ந்து உள்ளே புகும். கோடையில் மண்பானை நீர் குளிர்வதும் இந்நியாயத்தினாலேயே.

இத்துணை எளிமையுடைய பள்ளிகளிலே ஓரிடத்தில் மாத்திரம் சிற்பியின் கை தாராளமாக விளையாடியிருக்கின்றது. அது சிறுநீர் கழிக்குங் கல்! மாளிகை முகப்புக்கு ஏற்ற வேலைப்பாடு அதிலே காணப்படுகின்றது. நகரத்துப் பெருவிகாரைகளின் ஆடம்பரத்தைத் துறவிகள் எள்ளியவாறு இது என்பர் அறிஞர் சிலர். உண்மை எதுவாயினும், சிரிக்கத் தெரிந்த துறவிகள் என்று எண்ணுவதில் ஓர் இன்பம் உண்டு.

நீராடுங் கூடத்தின் நடுவே தாழ்ந்த தொட்டியும் சுற்றிலும் தூண்வரிசையும் உள. மருந்து அரைத்த கற்களும் அங்கே கிடக்கின்றன. மரமும் ஓடும் மண்ணிற் கலந்துவிட்டன. 1872இல் நிலவளவையாளர் ஜேம்ஸ் மன்ரெல் இவ்விடத்தைக் கண்டார், 1893இல் எச். சி. பி. பெல் ஆராய்ந்தார். 1941இல் மலை முழுவதும் கடும் பாதுகாப்புக்குரிய இயற்கை ஒதுக்கிடமாயிற்று.

இப்பழைய முறை இக்காலத்துக்கு ஏலுமோ என்று கேட்போருக்குத் தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள கண்டலமக் குளக்கரை ஒரு விடை தரும். அங்கே கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த விடுதி 1994இல் திறக்கப்பட்டது. சிகிரியாக் குன்றின் அடியிலே கட்டுமாறு கேட்கப்பட்டபோது அவர் அதனை ஏற்காது, தொலைவிலுள்ள இம்மலையோரத்தைத் தேர்ந்தார். ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளமுள்ள அக்கட்டடம், பாறை முகத்தை ஒட்டித் தூண்களின்மேல் நிற்கின்றது. பாறையினின்றும் இறங்கும் மழைநீர் அதன் கீழாக ஓடிக் குளத்தை அடையும். கூரையிலே செடிகள், முகப்பிலே கொடிகள். எனினும் கட்டுமானந் தொடங்கியபோது குளமுங் காடுங் கெடும் என அஞ்சிப் பிக்குகளும் ஊர்மக்களும் எதிர்த்தனர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. குடிக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் ஒரு குளத்தையே நம்பியிருப்போர், அதன் கரையில் நூற்றுக்கணக்கானோர் தங்கும்போது கழிவுநீர் எங்கே போகும் என்று கேளாதிருக்க முடியுமா? கழிவைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பயன்படுத்தும் ஏற்பாடு அவ்விடுதியில் உண்டு. ஆயினும் அறைகளைக் குளிர்விப்பது மின்சாரமே. ரிட்டிகலத் துறவிகளுக்கு அந்தச் செலவு இருக்கவில்லை. அவர்கள் வேண்டியதும் கொஞ்சம், மலையிடம் கேட்டதும் கொஞ்சம்.