குழிக்கும் ஓய்வு வேண்டும்!

ஐப்பசி மாதம். தலை தீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருக்கிறார்கள். கூடவே சம்பந்தி வீட்டார் நாலு பேர். வாசலில் கோலம், அடுப்பில் அதிரசம், கூடத்தில் ஒரே சிரிப்பு. மூன்றாம் நாள் காலையில் கொல்லைப் புறத்திலிருந்து ஒரு வாடை மெல்ல எட்டிப் பார்க்கிறது. கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்க மறுக்கிறது. வீட்டு அம்மாளுக்குத் தலையே சுற்றுகிறது!

தேனியிலோ, சின்னமனூரிலோ, கம்பத்திலோ இப்படி நேர்ந்தால் உடனே என்ன சொல்கிறோம்? "செப்டிக் டாங்க் நிரம்பிவிட்டது, லாரியைக் கூப்பிடு!" லாரி வருகிறது, இறைக்கிறது, பணம் வாங்கிக்கொண்டு போகிறது. பத்தே நாளில் மறுபடியும் பழைய கதை. ஏன் தெரியுமா? பல வீடுகளில் உண்மைக் குற்றவாளி டாங்க் அல்ல. அதற்கு அப்பால் மண்ணுக்குள் மறைந்திருக்கும் உறிஞ்சு குழி!

பேசக் கூசும் விஷயந்தான். ஆனால் வீட்டை ஆளுகிற நாம் தெரிந்துகொள்ளாமல் வேறு யார் தெரிந்துகொள்வது?

செப்டிக் டாங்க் என்பது ஒரு தெளியவைக்கும் தொட்டி. கனமானது அடியில் வண்டலாகத் தங்கும். எண்ணெயும் நுரையும் மேலே ஏடாக மிதக்கும். நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போகும். பிரான்சு தேசத்தில் லூயி மூரா என்பவர் சுமார் 1860-ல் செய்து பார்த்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது இது. விசாலமான தோட்டங்கள் உள்ள மேல்நாடுகளில் இந்த நீரைத் துளையிட்ட குழாய்கள் வழியாகத் தரையடியில் பரப்பிவிடுகிறார்கள். நம் சின்ன மனைகளில் சிமெண்டு உறை இறக்கி, சுற்றிலும் ஜல்லி போட்ட குழியே அந்த வேலையைச் செய்கிறது.

அந்தக் குழி ஏன் அடைக்கிறது? எப்போதும் தண்ணீர் நிற்கிற குழிச் சுவரில், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கறுப்பாக வழவழப்பான ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. மெல்லியதாக இருந்தால் நல்லதே; அழுக்கை வடிகட்டும். தடித்துப் போனால் மண்ணின் வாயை மூடிவிடும். டாங்கை வருஷக் கணக்கில் இறைக்காமல் விட்டால் வண்டலும் வழிந்து வந்து இந்தப் படலத்துக்கு விருந்து வைக்கிறது. சமையலறை எண்ணெயும், ஓயாமல் ஒழுகும் குழாயும், ஒரே நாளில் பத்து வாளித் துணி துவைப்பதும் சேர்ந்துகொள்கின்றன.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்னொரு காரணமும் உண்டு. 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு பசுமை கொழித்த பூமி இது. லோயர் காம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வயலில் தண்ணீர் நிற்கும்போது, அதை ஒட்டியுள்ள மனைகளிலும் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். போதாததற்கு ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. ஏற்கெனவே நனைந்த துணி மேலும் தண்ணீர் குடிக்குமா? மண்ணும் அப்படித்தான். அந்தச் சமயத்தில் குழியை இறைத்தால், வெளிநீரே உள்ளே சுரந்து நிரப்பிவிடும்.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பது எளிது. லாரி டாங்கை இறைக்கும்போது மேலிருந்தபடியே கவனியுங்கள். வெளியேறும் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி டாங்குக்குள் ஓடி வந்தால், குழி அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

வைத்தியம் என்ன? ஆசிட், பினாயில், "ஒரு பொட்டலம் போட்டால் போதும்" என்று விற்கும் பொடிகள் எதுவும் அடைத்த மண்ணைத் திறக்காது. ஆசிடும் பினாயிலும் டாங்கில் வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொல்வதுதான் மிச்சம். குழிக்கு உண்மையான மருந்து ஓய்வு! தண்ணீர் வருவதை நிறுத்தினால் குழி வற்றும், காற்று புகும், காற்றில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் அந்தக் கறுப்புப் படலத்தைத் தின்று தீர்க்கும். இதற்குச் சில மாதங்களிலிருந்து ஒரு வருஷம் வரை ஆகலாம். ஆகவே இரண்டாவது குழி ஒன்று வெட்டி, நடுவில் தண்ணீரைத் திருப்பிவிடும் சிறு தொட்டி கட்டினால், ஒன்று உழைக்க மற்றொன்று உறங்கும். ஆனால் வண்டலே புகுந்து அடைத்த குழி ஓய்வினால் மட்டும் தேறாது. அதற்குப் பதில் புதுக் குழிதான் வேண்டும்.

கூடவே இரண்டு காரியங்கள். டாங்கை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, நிரம்பி வழியும்வரை காத்திராமல், இறைத்துவிடுங்கள். சமையலறை, குளியலறைத் தண்ணீரை டாங்கில் விடாமல் தனியே பிரித்து, கல்வாழைக்கும் வாழைக்கும் பாய்ச்சுங்கள். குழியின் பாரம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

இனிச் சொல்லப் போவது எல்லாவற்றிலும் முக்கியம். "ஒரு ஆளை உள்ளே இறக்கிச் சுரண்டிவிட்டால் போதும்" என்று யாராவது சொன்னால், தயவு செய்து சம்மதிக்காதீர்கள். உள்ளே இருப்பது விஷவாயு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மிகுந்தால் மூக்கையே மரக்கச் செய்துவிடும், நாற்றமே தெரியாது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் மாண்ட துயரம் நம் நாட்டில் எத்தனை முறை! 2013-ல் வந்த சட்டம், தகுந்த பாதுகாப்பின்றி ஒருவரை இந்த வேலைக்கு இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கியவர் வீட்டுக்காரரானாலும் சட்டம் ஒன்றுதான். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் ஈடு தரவேண்டுமென 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் ஒரு வீட்டுத் தகப்பனுக்கு ஈடு ஏது? மேலிருந்து இறைக்கும் யந்திரம் போதும். மனிதர் இறங்கவே வேண்டாம்.

லாரிக்காரரிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: "உரிமம் உண்டா? எங்கே கொண்டு போய்க் கொட்டுவீர்கள்?" வாய்க்காலில் கொட்டினால் அது முல்லையாற்றில் சேர்ந்து, வைகை அணைக்குப் போகும். அந்தத் தண்ணீரைத்தான் மதுரையில் நம் அக்காவும் தங்கையும் குடிக்கிறார்கள். புதுக் குழி வெட்டும்போதும் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி, தள்ளி வெட்டச் சொல்லுங்கள்.

அடுத்த தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வெள்ளையடிக்க ஆள் சொல்லும்போதே, கொல்லைப் புறத்தையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். உழைத்து அலுத்த குழிக்கு ஓய்வு கொடுங்கள். அப்புறம் சம்பந்தி எத்தனை பேர் வந்தாலென்ன? அதிரச வாசனை மட்டும் வீட்டை நிறைக்கும்!