சீம்பாலில் மிதக்கும் நுண்பைகள்

தாய்ப்பாலில் கொழுப்பு, புரதம், சர்க்கரை, நோய் எதிர்ப்புப் பொருள்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இவற்றோடு, தாயின் செல்களிலிருந்து பிரிந்து வந்த எண்ணற்ற நுண்பைகளும் அதில் மிதக்கின்றன. ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதை 2007-ல் வெளியிட்டார்கள்.

பைக்குள் என்ன இருக்கிறது?

இந்த நுண்பைகளில் எக்சோசோம் என்ற வகையின் குறுக்களவு 30 முதல் 150 நானோமீட்டர். சாதாரண மைக்ரோஸ்கோப்புக்குத் தெரியாது. கொழுப்புப் படலத்தாலான சுவருக்குள் புரதங்களும் மைக்ரோ ஆர்.என்.ஏ. துணுக்குகளும் இருக்கின்றன. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் துணுக்குகள் இவை. வெளியே கிடந்தால் நொதிகள் சிதைத்துவிடும்; பைக்குள் இருப்பதால் தப்பிக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் செரிமானச் சாறுகளில் ஊறவைத்தபோதும் பைகள் தாக்குப்பிடித்தன. குடல் செல்கள் அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டன.

குறைமாதக் குழந்தையின் குடல்

ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளை மிரட்டும் நோய் ஒன்று உண்டு. மருத்துவர்கள் சுருக்கமாக ‘நெக்’ என்பார்கள். வயிறு உப்பும், மலத்தில் ரத்தம் வரும், குடல் சுவர் அழுகத் தொடங்கும். சில குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க வேண்டிவரும். பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்கு இது குறைவாகவே வருகிறது. அதற்குப் பல காரணங்கள். நுண்பைகளும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். தாய்ப்பாலிலிருந்து பிரித்தெடுத்த நுண்பைகளை எலிக்குட்டிகளுக்குக் கொடுத்தபோது குடல் சேதமும் அழற்சியும் குறைந்தன.

குழந்தைகளுக்கான மருந்தாக இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. எக்சோசோம் என்று பெயர் போட்டு யார் எதை விற்றாலும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நுண்பைகள் தாயின் சீம்பாலிலேயே இருக்கின்றன. பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாய்மார்கள் கையால் பீய்ச்சிய சீம்பாலைக் கொண்டுவருவார்கள். பாலாடையின் அடிகூட நனைந்திருக்காது. “இவ்ளோதான் வந்துச்சு சிஸ்டர்” என்று கூசுவார்கள். கூச்சமே வேண்டாம், அம்மா. அந்தச் சில சொட்டுகளைச் செவிலியர்கள் சிரிஞ்சில் எடுத்துக் குழந்தையின் கன்னத்து உட்புறத்தில் தடவுவார்கள். குழாய் வழியே பால் குடிக்கும் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும்.

கொட்ட வேண்டாம்

மஞ்சளாகக் கெட்டியாக வருகிறதே என்று சீம்பாலைக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதம்தான். வேதனையான கணக்கு இது.

பீய்ச்சி வைத்த பாலை மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும்.

பால் வங்கி

தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமானால் தானப் பால் கேளுங்கள். மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-ல் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் பால் வங்கி. தானப் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்குகிறார்கள். இதில் சில எதிர்ப்புப் பொருள்கள் குறைந்தாலும், அப்படிச் சூடாக்கிய பாலின் நுண்பைகள்கூட எலிகளின் குடலைக் காப்பாற்றியிருக்கின்றன. தானப் பால் கிடைத்துவிட்டதென்று தாய் பீய்ச்சுவதை நிறுத்தக் கூடாது. இரவு உட்பட நாளுக்கு எட்டு முறையாவது பீய்ச்சினால்தான் சுரப்பு கூடும்.