வேலியில் தொங்கும் தேன்சிட்டுக் கூடு

வாழைப்பூவில் தொங்கித் தேன் குடிக்கிற குட்டிப் பறவையைப் பார்த்து, "டிவியில் காட்டுற ரீங்காரச்சிட்டு இதுதானே?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இது வேறு. ரீங்காரச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது. அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். நம்ம ஊர்ல இருக்கிறது தேன்சிட்டு. இது பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும். நீளம் சுமார் 10 செ.மீ., எடை 10 கிராம் அளவே.

ஏனாத்தூர், காஞ்சிபுரம் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு வகையை எளிதில் பார்க்கலாம். ஊதாத் தேன்சிட்டு ஆண், இனப்பெருக்கக் காலத்தில் கருநீலமாக மின்னும். மற்ற நாளில் மஞ்சள் வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு மட்டும் இருக்கும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆணுக்கு ஆண்டு முழுவதும் மஞ்சள் வயிறும் ஊதாப் பிட்டமும் உண்டு. அந்த மினுமினுப்பு சாயம் அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி படுவதால் வருவது. மயில்கழுத்துப் பட்டுச்சேலையைத் திருப்பினால் நிறம் மாறுவதுபோல, பறவை திரும்பினால் இதுவும் மாறும்.

தேன் குடிக்கும்போது நெற்றியில் ஒட்டும் மகரந்தம் அடுத்த பூவுக்குப் போகிறது. நீண்ட குழல் பூவென்றால் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடுவதும் உண்டு!

ஆனா உழவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. தேன்சிட்டு குஞ்சுகளைத் தேன் கொடுத்து மட்டும் வளர்ப்பதில்லை. புழு, பூச்சி, சிலந்திதான் அதுகளுக்கு முக்கிய உணவு. நாரையும் சருகையும் சிலந்தி வலையால் ஒட்டித்தான் பெண் பறவை தொங்கு கூடு கட்டுகிறது. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே சிறு கூரை. முட்டை பெரும்பாலும் இரண்டு. அடைகாப்பது பெரும்பாலும் பெண், குஞ்சுக்கு இரை கொண்டுவர ஆணும் உதவும்.

பூச்சிக்கொல்லி அடித்தால் இரையும் போச்சு, கூடு கட்டும் வலையும் போச்சு. இமிடாகுளோபிரிட் போன்ற நஞ்சுகள் செடிக்குள் ஊடுருவிப் பூந்தேன் வரைக்கும் போகும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. உயிர்வேலியில் செம்பருத்தி, கல்யாண முருங்கை, ஆடாதொடை வையுங்கள். ஆடாதொடை இலை பூச்சிவிரட்டிக்கும் ஆகும். வேலியைக் கழிக்கும் முன் கிளைநுனிகளைப் பாருங்கள். கந்தல் குப்பை மாதிரி ஏதாவது தொங்கினால் இழுத்துப் போடாதீர்கள். அது கூடாக இருக்கலாம். குஞ்சு பறந்து போகும்வரை அந்தக் கிளையை மட்டும் விட்டுவையுங்கள்.