ஏரியல் கழன்றும் மீட்டர் சொன்ன 1.7

2005 ஜூலை 26 மழையை மும்பைத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. போன் பல இடங்களில் செத்துப்போச்சு. கடைக்குப் போன தம்பி வீடு திரும்பவில்லை. பாட்டரியில் ஓடும் ஹாம் ரேடியோ இருக்கிறதே என்று 145 மெகாஹெர்ட்ஸில் முலுண்ட் நண்பரைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், பதிலே இல்லை. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோ 1.7 என்று சாதுவாக நின்றது. (தம்பி மறுநாள் நடந்தே வந்து சேர்ந்தான்.) மழை விட்டதும் மொட்டை மாடிக்குப் போனால், ஏரியல் கேபிளிலிருந்து கழன்று தொங்குகிறது!

எஸ்.டபிள்யூ.ஆர். என்பது நிலையலை விகிதம். அனுப்பிய சக்தியில் ஏரியல் ஏற்காமல் திருப்பிவிடுவது எவ்வளவு என்று அதிலிருந்து தெரியும். எதுவும் திரும்பாவிட்டால் 1. முழுதும் திரும்பினால் முடிவிலி. 2 வரை பரவாயில்லை என்பது எங்கள் வழக்கு. அப்படியானால் ஏரியலே இல்லாதபோது 1.7 எப்படி?

வியாபாரி பாஷையில் சொல்கிறேன். 100 மூட்டை அனுப்புகிறோம். வழியெல்லாம் சிந்தி 25 போய்ச் சேருகிறது. அங்கே வாங்க ஆளில்லை, 25-உம் திரும்புகிறது. வரும் வழியிலும் அதே சிந்தல். வாசலுக்கு வருவது 6. கணக்குப்பிள்ளை, "100-க்கு 6 தானே திரும்பியது, சரக்கு நன்றாகப் போகிறது" என்று எழுதி வைப்பார். நூற்றுக்கு 6 என்றால் மீட்டரில் 1.7. என் கணக்குப்பிள்ளை ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சந்தை மாடியில் இருந்தது.

15 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள், புதிதாக இருந்தாலே இந்த அலைவரிசையில் ஏறத்தாழ 3 டெசிபெல், அதாவது பாதி சக்தியைச் சூடாக்கித் தின்றுவிடும். அதன் முனையில் 5 காட்டவேண்டிய மட்டமான ஏரியல், கீழே 2 என்று காட்டும். என்னுடையதில் மழைநீரும் இறங்கி, இழப்பு 6 டெசிபெல் ஆகியிருந்தது. நல்ல கேபிள் மாற்றியதும் மீட்டர் ஏறுகிறதே, பழசே தேவலை என்று புலம்பும் நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். மாற்றியதால் கெட்டது ஒன்றுமில்லை. ஏரியலின் நிஜ நிலை இப்போதுதான் கீழே தெரிகிறது.

சோதிக்க வழி சுலபம். மேலே ஏரியலைக் கழற்றிவிட்டு, குறைந்த பவரில் ஓரிரு நொடி மட்டும் மீட்டரைப் பாருங்கள். 3 காட்டினால் கேபிள் பாதியைத் தின்கிறது. 1.7 என்றால் முக்கால் பங்கு போச்சு.

இப்போது நான் போட்டிருப்பது தடித்த ஆர்.ஜி.213. இணைப்பின்மேல் தண்ணீர் புகாத ரப்பர் டேப். ஏரியலைக் கழற்றினால் முள் 6-ஐத் தாண்டுகிறது.