வேகம் குறைத்தால் நின்றுபோகும் வண்டி

போர்ட் பிளேயரில், ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாற்றப்பட்ட அந்த நகரத்தில், சிறிய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு முறையீடு உண்டு. “ஓடும்போது ஒரு குறையும் இல்லை, வேகத்தைக் குறைத்தால் மட்டும் ஆஃப் ஆகிவிடுகிறது, மறுபடி சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடுகிறது.” இந்தக் கடைசி வாக்கியம்தான் பின்னால் வரும் விபரீதங்களுக்கெல்லாம் மூலம். கிளம்பிவிடுகிறது என்பதனாலேயே மாதக்கணக்கில் அதை அலட்சியம் செய்கிறார்கள். அலட்சியம் செய்து சலித்த பிறகு தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டு ஐடிலிங்கைக் கூட்டிவைக்கச் சொல்கிறார்கள். அதுவும் பலிக்காதபோது பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றி, உதிரிபாகம் சென்னையிலிருந்து கப்பலில் வருமட்டும் காத்திருந்து, உத்தரவாதக் காலம் முடிந்த மறு மாதத்தில் சட்டம் தமக்கு என்ன செய்யும் என்று விசாரிக்கிறார்கள். கடைசியில் கேட்கும் கேள்வியை முதலில் கேட்டிருந்தால் பணமும் காலமும் மிஞ்சியிருக்கும்.

இது சில்லறைத் தொந்தரவு அல்ல, அபாயம் என்பதை முதலில் உணர வேண்டும். காரின் பிரேக்குக்குத் துணைநின்று காலின் பாரத்தைக் குறைப்பது பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இன்ஜின் உறிஞ்சும் காற்றினால் உண்டாகும் வெற்றிடம். இன்ஜின் நின்றபின் அந்த வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் போதும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். மேடும் பள்ளமுமான இந்த ஊரில், மழையில் நனைந்த ஓர் இறக்கத்தில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. அப்படி நேர்ந்தால் பெடலை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, நாலு விளக்கையும் மினுக்கவிட்டு, பிறகு சாவியைத் திருப்புங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கையில் சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பதற்றத்தில் சாவியை உருவுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் மறுபடியும் சொல்கிறேன்: சாவியை உருவாதீர்கள்.

வடக்கே மாயாபந்தருக்கும் திக்லிபூருக்கும் போகிறவர்களுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரையிலான சுமார் 50 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடியினரின் ஒதுக்கக் காடு. அங்கே வண்டிகள் காவலர் துணையோடு வரிசையாகத்தான் போகவேண்டும், வழியில் நிறுத்தக்கூடாது. நிறுத்தக்கூடாத அந்த இடத்திலும், அதைக் கடந்தபின் ஊர்ந்து ஊர்ந்து படகில் ஏற்றவேண்டிய இறங்குதுறையிலும்தான், வேகம் குறைந்தால் மூச்சு நின்றுபோகும் வண்டி தன் குணத்தைக் காட்டும். அந்தக் கோளாறை வைத்துக்கொண்டு ஜிர்காடாங்கைத் தாண்டுவது விவேகமல்ல. தாண்டியபின் நின்றுவிட்டால், இறங்கி உதவிக்கு அலையாமல் வண்டிக்குள்ளேயே இருந்து காவல் வண்டிக்குத் தெரியப்படுத்துங்கள்.

இனிக் காரணம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று நுழையும் வாயிலிலுள்ள தகடு மூடிக்கொள்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அந்தக் கணம் பெட்ரோலும் நிறுத்தப்பட்டு, சுழற்சி ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் மறுபடி விடப்படுகிறது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 700 முதல் 900 சுற்று என்ற ஐடிலிங் நிலையில் இன்ஜினைத் தாங்கிப் பிடிப்பது, மூடிய தகட்டின் ஓரமாகவோ ஐடில் வால்வு வழியாகவோ வரும் சொற்பக் காற்றுதான். அந்தச் சொற்பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், கணக்கில் வராத காற்று எங்கேனும் புகுந்தாலும், இன்ஜின் இறங்கிக்கொண்டே போய் அணைந்துவிடும். வேகமாகப் போகையில் தகடு திறந்திருப்பதால் இந்தக் குறை தெரிவதில்லை.

ஆகையால் முதலில் பார்க்கவேண்டியது அந்தத் தகடு இருக்கும் த்ராட்டில் பாடி. காற்றுக் குழாயைக் கழற்றி விளக்கடித்தால், தகடு மூடும் விளிம்பைச் சுற்றி மை பூசினாற்போலக் கரிவளையம் ஒன்று தெரியும். பல வண்டிகளில் வியாதி முழுவதும் அவ்வளவுதான். அதற்குரிய திரவத்தை அடித்து, சாவி அணைந்த நிலையில், மெதுவான துணியால் துடைக்கவேண்டும். மின்சாரத்தால் இயங்கும் தகட்டை விரலால் நெம்பினால் சுத்தம் செய்ய வந்தவர் புதிதாகவே ஒன்று வாங்கிக் கொடுக்கவேண்டி வரும். சுத்தம் செய்தபின் பல மாடல்களில் ஐடிலிங்கை மறுபடி கற்பிக்கும் ஒரு முறை உண்டு. அதைச் செய்யாமல் வண்டியைத் திருப்பித் தந்துவிட்டு, “இன்னும் நிற்கிறதே, பம்ப்தான் போயிருக்கும்” என்பவர்களை நம்பாதீர்கள்.

அடுத்தது வெடித்த வாக்குவம் குழாய்கள். அதற்கடுத்தது, இந்தத் தீவில் குறிப்பாகப் பார்க்கவேண்டியது: உப்புக்காற்றும் ஓயாத ஈரமும் தின்றுவிட்ட எர்த் வயர். பாட்டரியின் எதிர்முனையிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் பின்னல் கம்பியைக் கழற்றிப் பார்த்தால், உறைக்கு அடியில் பச்சைப் பூஞ்சை பிடித்தாற்போலச் செம்பு பொடிந்திருக்கும். வேகம் குறைகையில் ஹெட்லைட் மங்கி வண்டி நிற்குமானால் இதைச் சந்தேகிக்கவேண்டும். நின்றவுடனே கிளம்பினால் குறை பெரும்பாலும் காற்றுப்பக்கம். சூடேறி நின்று, கால் மணி ஆறியபின்தான் கிளம்புமானால் கிராங்க் சென்சாரோ பெட்ரோல் பம்போ. ஏ.சி. போட்டால் மட்டுமா, டாங்க் நிரப்பியவுடனா, உதறி நிற்கிறதா, ஸ்விட்சைத் தட்டினாற்போல நிற்கிறதா என்பதை ஒரு வாரம் காகிதத்தில் குறித்துக்கொண்டு போனால் நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். ஸ்கேனர் வைத்து, பி 0505, பி 0506 என்று வந்தால் ஐடில் கட்டுப்பாடு, பி 0171 என்றால் காற்று மிகுதி, பி 0335 என்றால் கிராங்க் சென்சாரின் இணைப்பு என்று திசை தெரியும். குறியீடு காட்டுவது திசையை மட்டுமே. அதைப் பார்த்தவுடன் பாகத்தை மாற்றுபவர் பரிசோதகர் அல்லர், வியாபாரி.

ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகவிடாதீர்கள். கார்புரேட்டர் மாருதி 800 ஓடிய காலத்தில் அது கைவைத்தியம். இன்றைய வண்டியில் அந்த ஸ்க்ரூ தொழிற்சாலையில் நிலைநிறுத்தப்பட்டது. அதைத் திருகினால் கோளாறு மறையும், தீராது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். தவிர, “வெளியே கைவைத்துவிட்டீர்கள்” என்று கம்பெனிக்காரர் உத்தரவாதத்தை மறுக்க நீங்களே ஒரு காரணம் செய்து கொடுத்தவராவீர்கள்.

பாகம் மாற்றுவதற்கு முன், இந்தக் கோளாறு தயாரித்தவரின் குற்றமாக இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்கிறவர் மிகச் சிலரே. 2020 ஜூலையில் மாருதி சுசூகி கம்பெனி பெட்ரோல் பம்ப் குறைக்காக 1,34,885 வாகன்ஆர், பெலினோ கார்களைத் திரும்ப அழைத்தது. இன்ஜின் நின்றுபோகலாம் என்று காரணம் காட்டி, 2019 ஜூலை 30-க்கும் நவம்பர் 1-க்கும் இடையே தயாரான 11,851 பெலினோவையும் 4,190 வாகன்ஆரையும் 2024 மார்ச்சில் அது மறுபடி அழைத்தது. ஹோண்டா 2021 ஏப்ரலில் இதே பம்புக்காக 77,954 கார்களை அழைத்தது. இவற்றிலெல்லாம் பாகம் இலவசமாக மாற்றப்படும். அப்படி இலவசமாகக் கிடைக்கவேண்டியதை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்வானேன்?

அழைப்புக் கடிதம் வரவில்லையே என்பார்கள். எப்படி வரும்? இங்கே ஓடும் பழைய கார்களில் கணிசமானவை கப்பலேறி வந்தவை. பெயர் மாற்றாமல், முகவரி மாற்றாமல் ஓடுகின்றன. கடிதம் சென்னையிலிருக்கும் பழைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறது. வாங்கியவர் படிவம் 29-உம் 30-உம் கொடுத்துப் பெயரை மாற்றவேண்டும். வேறு மாநில வண்டியானால் அங்கிருந்து படிவம் 28-இல் ஆட்சேபணையின்மைச் சான்று பெற்று, 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்துக்கொள்வதாயின் படிவம் 27-இன்படி புதுப் பதிவெண்ணும் வாங்கவேண்டும். அந்த வேலை நடக்கும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை: ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் திரும்ப அழைப்புப் பகுதியில் பதிந்தால் உங்கள் வண்டி பட்டியலில் உண்டா என்பது தெரிந்துவிடும். இதற்கு யார் சிபாரிசும் வேண்டாம்.

பட்டியலில் இல்லாமல், ஒரே மாடலில் பலருக்கும் இதே குறை இருந்தால், சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்திலுள்ள திரும்ப அழைப்புப் பகுதியில் புகார் பதியலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவின்கீழ் மத்திய அரசு கட்டாய அழைப்புக்கு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் அமலில் உள்ளன. வண்டி தயாராகி ஏழு ஆண்டுக்குள் இருக்கவேண்டும். புகார்கள் போதிய எண்ணிக்கையில் சேர்ந்தால்தான் அந்த இயந்திரம் அசையும் என்பதால், “நான் ஒருவன் எழுதி என்ன ஆகப்போகிறது” என்ற மனோபாவம் இங்கே கம்பெனிக்குத்தான் சகாயம்.

உங்கள் ஒரு வண்டிக்கு நிவாரணம் தேடும் வழி வேறு. அதற்கு ஆதாரம் சர்வீஸ் சென்டரில் எழுதித் தரும் ஜாப் கார்டு. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் கௌண்டரில் இருப்பவர் “பொதுப் பரிசோதனை” என்று எழுதி நீட்டுவார், கையெழுத்திடாதீர்கள். “வேகம் குறைக்கையில் இன்ஜின் நின்றுவிடுகிறது” என்ற வாக்கியம், தேதியோடும் ஓடிய கிலோமீட்டரோடும் அதில் இருக்கவேண்டும். வண்டியைத் திருப்பித் தரும்போது “கோளாறு தென்படவில்லை” என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். “பொதுப் பரிசோதனை” என்ற நாலு காகிதத்தை வைத்துக்கொண்டு எந்த ஆணையத்திலும் ஒன்றையும் நிரூபிக்க முடியாது. எத்தனை தடவை சொன்னாலும் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள்!

குறை தீராவிட்டால் விற்பனையாளருக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்டில் எழுத்து மூலம் அவகாசம் கொடுங்கள்; 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணிலும் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கார் சென்னையில் வாங்கியது, வழக்குக்குச் சென்னைக்கு அலையவேண்டும் என்று இங்கே பலர் முயற்சியையே கைவிடுகிறார்கள். அது பழைய கதை. 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமல்ல, விண்ணப்பித்தால் காணொளி விசாரணைக்கும் இடமுண்டு, சொந்த ஜீவனத்துக்காகத் தானே டாக்சி ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான். புகார் கொடுக்கக் கெடு இரண்டு ஆண்டு. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் ஆணையத்துக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பரிசோதனை என்றதும் ஒரு விஷயம். உற்பத்திக் குறையை உறுதிசெய்ய ஆணையம் பொருளைத் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். ஆகவே புகார் நிலுவையிலிருக்கையில் வெளி ஒர்க்‌ஷாப்பில் பிரிக்கவேண்டிய அவசரம் நேர்ந்தால், பிரிக்கும் முன் விற்பனையாளருக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, கழற்றிய பம்பையோ சென்சாரையோ கையோடு வாங்கி, பில்லுடன் உறையிலிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஒன்றும் இராது.